சீறாவில் ஒரு செவிலித்தாய்

திண்டுக்கல் பேகம்பூரில், ரபீயுல் அவ்வல் மாதத்து இரவொன்றில் நடந்த மீலாதுக் கூட்டத்தில் சீறாப்புராணத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் பகுதி அது. அவர் பெயராலேயே பேகம்பூர் என வழங்குகிறது. தோல் ஷாப்புகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் மிகுதியாக உள்ள இடம். கேட்போர் பொறுமைசாலிகள், தமிழ்ச் சுவை அறிந்தவர்கள். நான் எடுத்துக்கொண்டது அலிமா முலையூட்டுப் படலம். பேச்சு முடிவதற்குள் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. அதில் ஒரே வினா: "அலிமா அம்மையாருக்குப் பால் கூலி கிடைத்ததா? கொடுத்தது யார்?"

என் விடை மேடைக்கு ஏற்றதாக இருந்தது. வறண்ட மார்பு சுரந்தது. பால் மறுத்த ஒட்டகம் மடி நிறைந்தது. தள்ளாடி வந்த கழுதை திரும்பும்போது பிற வாகனங்களை முந்தி ஓடிற்று. இறைவன் இறக்கிய பரக்கத்தைவிடப் பெரிய கூலி ஏது என்றேன். 'மாஷா அல்லாஹ்' என்ற குரல்கள் எழுந்தன. கூட்டம் கலைந்தபின் படிக்கட்டருகே ஒரு பெண்மணி நின்றிருந்தார். இடுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன். இடுப்பில் தூக்கும் வயதன்று அது. ஆனால் மூளை முடக்குவாதத்தால் அவனுக்கு நடை வரவில்லை. தாய் தந்தை இருவரையும் இழந்த அக்காள் மகன். எடுத்து வளர்ப்பவர் அவர். சீட்டு எழுதியவரும் அவரே. "நல்லாப் பேசினீங்கண்ணே. ஆனா எங்க வீட்டுக் கழுதை இன்னும் மெலிஞ்சேதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் முன் நின்று, நம் இலக்கியத்தை மறுபடியும் படித்துப் பார்க்கும் முயற்சி. குற்றம் காண்பதென்றால் முதற் குற்றவாளி மேடையில் பேசிய நானே.

உமறுப் புலவர் தம் காப்பியத்தின் விலாதத்துக் காண்டத்தில் இந்நிகழ்ச்சிக்கெனத் தனிப் படலமே வகுத்தார். படலத்தின் பெயரை உற்று நோக்குக. பிறந்த குழவியின் பெயரால் அது அமையவில்லை. பாலூட்டியவளின் பெயராலும் அவள் செய்த தொழிலாலும் அமைந்திருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியத்தில், பாலைவனத்துக் கூடாரத்தில் வாழ்ந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு இத்தகைய மதிப்பு. இது புலவர் பெருமானின் உள்ளத்தைக் காட்டுவது. எனினும் காப்பிய மரபு அற்புதத்தை நாடிச் செல்வது. வறட்சி சொல்லப்பட்டதும் நாம் பொழிவை எதிர்நோக்கத் தொடங்கிவிடுகிறோம். பொழிவு வந்ததும் வறட்சியை மறந்துவிடுகிறோம். சீறாவைக் கொண்டு சொற்பொழிவு செய்வோர் இம்மறதியை மேலும் வளர்த்துவிட்டோம்.

இப்னு இஸ்ஹாக் அலிமா அம்மையாரின் வாய்மொழியாகவே தரும் வரலாறு இதற்கு நேர்மாறானது. அது ஓர் ஏழை வீட்டின் கணக்கு வழக்கு. பஞ்ச ஆண்டு. கையில் எதுவும் எஞ்சவில்லை. ஒட்டகத்தில் ஒரு துளிப் பாலில்லை. இடுப்பிலிருந்த சொந்தக் குழந்தை பசியால் அழுததில் இரவெல்லாம் உறக்கமில்லை. பாலூட்டும் தொழில் தேடியே அக்குலத்துப் பெண்கள் மக்கா வந்தனர். அண்ணலாரைக் காட்டியபோது ஒருவர் பின் ஒருவராக மறுத்தனர். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். கூலியைத் தந்தையிடம் எதிர்பார்ப்பது வழக்கம், இக்குழந்தையோ தந்தையற்றது. அலிமாவும் முதலில் மறுத்தவர்களுள் ஒருவரே! ஊர் திரும்பும் நேரத்தில், வெறுங்கையுடன் போக மனமின்றி, அந்த அநாதையையே எடுத்து வருகிறேன் என்று கணவரிடம் சொன்னார். கணவர் இசைந்தார், இறைவன் இதில் நமக்கு நன்மை வைத்திருக்கலாம் என்றார்.

இதை வெளிப்படையாகச் சொல்லியிருப்பவர் அலிமாவே என்பதுதான் வியப்பு. தம்மைத் தியாகச் சுடராக அவர் காட்டிக்கொள்ளவில்லை. தயங்கியதையும் மறைக்கவில்லை, தேவையையும் மறைக்கவில்லை. கணவன் மனைவி இருவரும் கலந்து எடுத்த முடிவு என்பதையும் விட்டுவிடவில்லை. நாமோ இவை மூன்றையும் துடைத்துவிட்டு ஒளிவட்டம் ஒன்றை மட்டும் வரைந்து வைத்திருக்கிறோம்.

நான் மேடையில் சொல்லாமல் விட்ட இன்னொரு செய்தி உண்டு. இப்னு ஸஃது தம் தபகாத்தில் அதைத் தருகிறார். ஆண்டுகள் பல கழிந்தன. பெருமானார் (ஸல்) கதீஜா நாயகியாரை (ரலி) மணந்து வாழும் காலம். அலிமா மக்கா வருகிறார். மீண்டும் வறட்சி, கால்நடைகள் மடிந்துவிட்டன என்று முறையிடுகிறார். பெருமானார் மனைவியாரிடம் எடுத்துச் சொல்ல, கதீஜா நாயகியார் நாற்பது ஆடுகளையும் ஓர் ஒட்டகத்தையும் கொடுத்து அனுப்புகிறார்கள். சீட்டில் வந்த வினாவுக்கு விடை இதுவன்றோ! பரக்கத் இறங்கிய வீட்டிலும் பஞ்சம் திரும்ப வந்தது. அப்போது வானம் பொழியும் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஆடுகளை எண்ணிக் கொடுத்தார்கள். வளர்த்த வீட்டின் தேவை, பால் மறந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த வீட்டார் அறிந்திருந்தனர்.

தமிழ் மரபுக்கு வருவோம். வளர்ப்புத் தாய்க்கு இலக்கிய உரிமை வழங்கியதில் தமிழ் பின்தங்கியதன்று. அகப்பாடல்களில் ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி உடன்போக்கில் சென்றபின் தேடித் தவிப்பவள் பெரும்பாலும் செவிலி. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி செவிலி கூற்றுப் பத்துடன்தான் தொடங்குகிறது. மணமான மகளின் இல்லறத்தைக் கண்டுவந்து, செவிலி நற்றாய்க்கு எடுத்துரைக்கும் பாடல்கள் அவை. ஈன்றவளும் வளர்த்தவளும் ஒருத்தியைப் பற்றி உவகையோடு உரையாடுகிறார்கள். யார் உண்மைத் தாய் என்ற வழக்கே அங்கு எழவில்லை. தொல்காப்பியக் களவியலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, தோழி என்பவள் செவிலியின் மகள் என்று இலக்கணமே வகுத்துவிட்டது.

இந்த இலக்கணத்தை நான் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். ஆயினும் அலிமாவின் மகள் ஷைமாவை நினைத்ததில்லை. செவிலியின் மகள், வளரும் குழந்தைக்குத் தோழி. தாய்க்குத் துணையாக அண்ணலாரைத் தூக்கி வளர்த்த சிறுமி ஷைமா. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் பின் சிறைப்பட்டோருள் ஒரு முதியவளாக வந்து நின்று, தாம் பாற்சகோதரி என்று அடையாளம் காட்டியபோது, பெருமானார் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். உடன் தங்கலாம், அல்லது பரிசுகளுடன் ஊர் திரும்பலாம் என விருப்பத்தை அவரிடமே விட்டார்கள். அவர் ஊர் திரும்பினார். ஒரு வீட்டில் பிறர் குழந்தை வளரும்போது, அவ்வீட்டுச் சொந்தக் குழந்தையும் தன் பாலில், தன் தாயின் மடியில், தன் உறக்கத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. அதை யார் கணக்கில் வைத்தார்கள்? தொல்காப்பியர் வைத்தார். அண்ணலார் வைத்தார்கள். இக்காலக் கதைகளில் அந்தப் பிள்ளையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைத்தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழின் பெருமைகளுள் ஒன்று இவ்விலக்கியம். அதற்கு முன்னோடியான பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்மகவை வளர்த்தவர் என்பது வைணவ மரபு. முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசர்கள் மீதும் பிள்ளைத்தமிழ்கள் பாடி மகிழ்ந்தனர். பாடும் புலவன் தானே செவிலியாகிவிடும் கலை அது. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை. இப்படியே இருபத்தொன்றாம் திங்கள் வரை பத்துப் பருவங்கள். ஐந்தாம் திங்களில் குழந்தை ஒரு காலை மடக்கித் தலை நிமிர்த்தி ஆட வேண்டும். ஒன்பதில் கை தட்ட வேண்டும். ஓராண்டு கடந்தால் தளர்நடை இட்டு வரவேண்டும். அங்கன்வாடிச் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணையும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. நம் புலவர்கள் குழந்தையை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

செங்கீரை ஆடாத குழந்தைக்கு எந்தப் பருவம்? பேகம்பூர்ப் பெண்மணியின் மடியில் உள்ளவனுக்கு ஒன்பது ஆண்டுகளாக வருகைப் பருவம் வரவில்லை. 'வருக வருக' என அழைக்கும் அந்தப் பாட்டை அவர் எந்த நெஞ்சோடு கேட்பார்? பழம் புலவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் பாடியது பாட்டுடைத் தலைவரின் குழவிப் பருவத்தை. இருபதாம் நூற்றாண்டில் பிள்ளைத்தமிழ் பாடியோரும் அதே பத்துப் பருவங்களைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் சொல்கிறேன். தாலாட்டு இவ்வகையில் இன்னும் கொடிது, இன்னும் இனிது. மாமன் சீர் கொண்டு வருவான், அத்தை வளை கொண்டு வருவாள் என்று சுற்றத்தாரை வரிசைப்படுத்துவது நம் தாலாட்டு. அது வெறும் பாட்டன்று. இக்குழந்தைக்கு யார் யார் கடமைப்பட்டவர்கள் என்று தாய் ஊரறியப் படிக்கும் பட்டியல். எடுத்து வளர்த்த பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுபவள் அந்த வரிசையில் யாரை நிறுத்துவாள்?

திரைப்படங்கள் இன்றைய மக்கள் இலக்கியம். அவற்றையும் தொட்டே ஆக வேண்டும். மணிரத்னத்தின் 'அஞ்சலி' 1990-ல் வந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தையைத் தாயிடமிருந்து மறைத்து, குழந்தை இறந்தே பிறந்தது என்று சொல்லிவிட்டான் தந்தை. பின்னர் வீட்டுக்கு வந்த குழந்தை குடியிருப்பு முழுவதையும் வென்றுவிட்டு இறந்துபோகிறது. கண் கலங்காதவர் இல்லை. ஆனால் அந்த மரணம் யாருக்கு வசதி? குழந்தை வாழ்ந்திருந்தால் அதற்குப் பத்து வயதாகும், இருபது வயதாகும், குளிப்பாட்ட வேண்டும், தாய்க்கு முதுகு வலிக்கும், அக்கம்பக்கத்தாரின் அன்பு எத்தனை நாள் நீடிக்கும் என்ற சோதனை வரும். இறப்பு அத்தனை வினாக்களுக்கும் விடுமுறை அளித்துவிட்டது.

அவரே 2002-ல் தந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' இலங்கைப் போரில் பிரிந்த தாயின் மகளை எடுத்து வளர்க்கும் குடும்பத்தின் கதை. கலைத்தரத்தில் உயர்ந்தது. வளர்ப்புத் தாயாக வரும் இந்திராவின் முகத்தில் தெரியும் அச்சம் மிக உண்மையானது. ஒன்பதாம் பிறந்த நாளில் குழந்தையிடம் உண்மை சொல்லப்படுகிறது. இடி விழுந்தாற்போல் அது சிதறுகிறது. நாடகத்துக்கு அது தேவை. வாழ்க்கைக்கு அது கேடு. விவரம் தெரியும் முன்பிருந்தே, கதைபோல, சிறிது சிறிதாகச் சொல்லி வரவேண்டும் என்பதே இத்துறையில் பணியாற்றுவோர் கூறும் அறிவுரை. அலிமாவின் கதையில் இந்த இடியே இல்லை. ஏனெனில் அங்கு மறைவே இல்லை. ஆமினா தாய், அலிமா தாய் என்று தொடக்கத்திலிருந்தே இருவர்.

இம்மூன்றில் எனக்கு நெருக்கமானது 2019-ல் வந்த ராமின் 'பேரன்பு'. வெளிநாட்டில் பத்தாண்டு உழைத்துத் திரும்பும் தந்தை, மூளை முடக்குவாதமுள்ள மகள், அத்தனை ஆண்டும் தனியாக வளர்த்துக் களைத்து வீட்டைவிட்டுப் போய்விட்ட தாய். வளைகுடாவுக்கு ஆண்மக்களை அனுப்பிவிட்டுப் பெண்களை மட்டும் வீட்டில் நிறுத்தியிருக்கும் நம் ஊர்களுக்கு இக்கதை அந்நியமன்று. போய்விட்ட தாயைப் படம் தூற்றவில்லை. அது இயக்குநரின் நேர்மை. மகள் பருவமெய்தும்போது தந்தை படும் தடுமாற்றத்தையும் மறைக்கவில்லை. ஆயினும் தந்தையும் மகளும் மனிதர் இல்லாத ஏரிக்கரைக்கு விரட்டப்பட்ட பின், படம் இயற்கையின் பேரன்பில் லயித்துவிடுகிறது. பனியும் மரமும் குதிரையும் அழகு. விரட்டிய உறவினரிடமும் அயலாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அப்பனியில் மறைந்துபோகிறது. உமறுப் புலவருக்கு அற்புதம் எப்படியோ, ராமுக்கு இயற்கை அப்படி.

நம் சமுதாயத்தைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது. திண்டுக்கல் சமவெளிக்கு இது புத்தகச் செய்தியன்று. அண்டையிலுள்ள உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலை 1986-ல் நாடெங்கும் அறியப்பட்டது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கு விரிக்கப்பட்டது. அதற்கும் நெடுங்காலம் முன்பே, சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமத்தில், ஆதரவற்ற குழந்தைகளுக்காகச் சௌபாக்கிய இல்லம் உருவாயிற்று. தொட்டில்கள் இருந்தன. தொட்டிலிலிருந்து எடுத்துச் செல்லும் கைகளில் நம் கைகள் எத்தனை?

தத்தெடுப்பு மார்க்கத்துக்கு முரண் என்பதே நம் வழக்கமான விடை. 1972-ல் மாநிலங்கள் அவையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் தத்தெடுப்பு மசோதாவை நம்மவர் எதிர்த்தனர். அது 1978-ல் திரும்பப் பெறப்பட்டது. 1980-ல் வந்த மசோதா முஸ்லிம்களை விலக்கியே வரையப்பட்டது. எதிர்ப்புக்கு அடிப்படை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள். வளர்ப்பு மக்களை அவர்தம் தந்தையரின் பெயரால் அழையுங்கள் என்பது அவற்றின் கருத்து. அதன்பின் ஸைத் இப்னு முஹம்மத் என வழங்கப்பட்டவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிதா (ரலி) ஆனார். நான் மார்க்க அறிஞன் அல்லன். சட்டத் தீர்ப்பு சொல்ல வரவில்லை. இலக்கியம் படிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது இது: அவ்வசனம் குழந்தையை எடுக்காதே என்று சொல்லவில்லை, குழந்தையிடம் பொய் சொல்லாதே என்கிறது. பெயர் மாறிய பின்னும் ஸைதின் மீதான அன்பு குறையவில்லை. அவர் மகன் உஸாமா (ரலி) பெருமானாரின் மடியில் வளர்ந்தார். 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் விழுந்த இடிக்கு அன்றே தடுப்புச் சொன்ன வசனத்தை, கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக மட்டும் நாம் பயன்படுத்தியிருக்கிறோம்.

வழிகள் இல்லாமலும் இல்லை. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி பிள்ளையின் பாதுகாவலர் ஆகலாம். ஆனால் பதினெட்டு வயதில் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். விரும்பும் எவரும், எம்மதத்தவராயினும், இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தீர்ப்பளித்தது. விரும்பாதவர் தம் மார்க்க முறைப்படியே நடக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. வாரிசுரிமை இல்லாவிடினும் சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். வாழும்போதே ஹிபா கொடுக்கலாம். இந்தோனேஷியாவில் 1991-ல் தொகுத்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு, வஸிய்யத் எழுதாமல் இறந்தாலும் வளர்ப்புப் பிள்ளைக்கு மூன்றிலொன்றுவரை கிடைக்க வழி செய்திருக்கிறது. பெற்றோருக்குப் பின் யார் என்ற அச்சத்துக்காகவே, மூளை முடக்குவாதம் உள்ளிட்ட குறைபாடுடையோருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ல் நம் நாட்டில் வந்தது. இவற்றுள் எதையேனும் ஒரு மீலாது மேடையில் நான் கேட்டதுண்டா? பேசியதுண்டா? இல்லை.

எனக்கே அண்மையில்தான் தெரிந்தது: 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுச் செய்ய வேண்டும். படிக்கட்டருகே நின்ற பெண்மணி இதை அறிந்திருக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவ்வளவு பெரிய கூட்டம் கூட்டி, இரவு பதினொரு மணி வரை செவிலித்தாயின் சிறப்பைப் பாடிய எங்களுக்கும் அது தெரியவில்லை.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குச் சென்று, சீட்டுக்கு உரிய விடையைக் காலம் தாழ்த்திச் சொன்னேன். கதீஜா நாயகியார் தந்த நாற்பது ஆடுகளையும் ஒட்டகத்தையும் பற்றி விரிவாக எடுத்துரைத்தேன். சிறுவன் அவர் மடியில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"பேகம்பூருல நாப்பது ஆட்ட எங்கண்ணே கட்டுறது? அந்த நாலாயிரத்துக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."